ஆணியில் தொங்கிய முகமூடி

('வேலை இடத்தில் உயிருக்கு யார் பொறுப்பு?' என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி அரங்கத்தில், பினாங்கைச் சேர்ந்த தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய அண்ணன், "தொழிலாளி கவனமாக இருந்தால் விபத்து ஏன் வருகிறது?" என்று ஒரு கேள்வியைப் போட்டார். நல்ல கைதட்டலும் வாங்கினார். அவரோடு சண்டை போட நான் வரவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். அந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு தடவையாவது நானும் காதால் கேட்கிறேன். சில சமயம் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதை என் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வராது. ஏன் வராது என்று சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

அம்மா மருந்து அடித்தவர். கெடாவின் தென்கோடியில், பினாங்கு மாநில எல்லைக்கு அருகே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். இன்று அந்த லயங்களும் இல்லை, வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பால்மரத்தை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்ட காலம் அது. காலையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்ததும் ஆண்கள் குலை வெட்டப் போவார்கள். பெண்களில் பாதிப்பேர் மருந்துக் கும்பல். முதுகில் 18 லிட்டர் பம்பு. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 18 கிலோ. பம்பின் எடை தனி. ஒரு கையால் பிடியை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், மறு கையால் குழாயைப் பிடித்துப் புல்லின் மேல் அடித்துக்கொண்டே மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். பழைய பம்பாக இருந்தால் மூடி ஒழுகும். ஒழுகுவது முதுகில் இறங்கும். சாயங்காலம் அம்மா சட்டையைக் கழற்றும்போது முதுகில் பம்பின் அளவுக்குச் சிவந்திருக்கும். சின்ன வயதில் அது எல்லா அம்மாக்களின் முதுகிலும் இருக்கும் ஓர் அடையாளம் என்றே நினைத்திருந்தேன்.

நிர்வாகம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொடுத்தார்கள். ரப்பர் கையுறை, பூட்ஸ், முன்னால் கட்டும் ரப்பர் துணி, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடி. வாங்கிக்கொண்டதற்குக் கைநாட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த முகமூடி எங்கள் லயத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். நான் அதை மாட்டிக்கொண்டு, பூதம் வந்திருக்கிறது என்று தம்பியைப் பயமுறுத்துவேன். அந்த முகமூடி அதிகமாக உழைத்தது எங்களோடு விளையாடித்தான்.

அம்மா ஏன் போடவில்லை? கவனம் இல்லாதவரா? அந்தத் தோட்டத்தில் அவரைப் போலக் கவனமான ஆள் கிடையாது. சம்பளச் சீட்டில் 20 காசு குறைந்தாலும் கிராணியிடம் போய் நிற்பவர். போடவில்லை, ஏனென்றால் காலை 10 மணி வெயிலில் 20 கிலோவைச் சுமந்து மேடு ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும். அந்த முகமூடிக்குள் மூச்சு வாங்க முடியாது. வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று சொல்லித் தந்தவர் யாரும் இல்லை; மாற்று வடிகட்டி வந்ததும் இல்லை. அன்றைக்கு முடிக்க வேண்டிய பத்தியை முடிக்காவிட்டால் மண்டோர் முகம் சுளிப்பார். ஆகவே ஒரு துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். தெறித்த மருந்து முழுவதையும் அந்த ஈரத் துண்டு வாங்கி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க மூக்கோடும் வாயோடும் ஒட்டிக் கிடந்தது. பாதுகாப்பு என்று நினைத்துக் கட்டிய துணியே ஆபத்தை முகத்தில் கட்டி வைத்தது.

அம்மாவின் விரல் நகங்கள் முதலில் வெளுத்தன, பிறகு இரண்டு நகம் கழன்று விழுந்தன. அடிக்கடி மூக்கில் ரத்தம். கண் எரிச்சல். தோட்டத்து டிரெசர் களிம்பு கொடுத்தார். "சோப்புத்தூள் அலர்ஜியா இருக்கும்மா" என்றார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் அதே திரவத்தை 'ராச்சுன்' என்றார்கள். ராச்சுன் என்றால் நஞ்சு. நாம்தான் அதை மருந்து என்றோம். புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, எலிக்கும் மருந்து! ஆபத்தைக் கண்டுபிடிப்பது முதல் படி என்று எங்கள் பாடப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நம் வீட்டில் அந்த முதல் படியே பெயரில் வழுக்கிவிட்டது. மருந்து என்று சொல்லிக்கொண்டு ஒரு பொருளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

பாட்டியும் ஹிராக்கும்

எங்கள் தொழிலில் இந்தப் படிகளுக்கு 'ஹிராக்' என்று பெயர். ஆபத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி, அது எவ்வளவு பெரியது என்று எடைபோடு, அதைக் கட்டுப்படுத்து. இந்த மூன்றின் ஆங்கில எழுத்துகளைக் கோத்தால் அந்தப் பெயர். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2008-இல் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெயரைக் கேட்டால் மிரட்டலாக இருக்கும். விஷயம் நம் பாட்டிமார்கள் செய்ததுதான்.

குழந்தை தவழத் தொடங்கியதும் பாட்டி வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். அரிவாள்மணை தரையில் கிடக்கும். அதைத் தூக்கிப் பரணில் வைப்பார். கிணற்றடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்வார். அரிவாள்மணையை அதே இடத்தில் விட்டுவிட்டு, குழந்தையின் கையில் கையுறை மாட்டிவிடும் பாட்டியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? "அரிவாள்மணை ஜாக்கிரதை" என்று பலகை எழுதி மாட்டிய பாட்டி உண்டா?

(சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீர்கள். ஆனால் எத்தனையோ வேலை இடங்களில் நாம் செய்வது அதைத்தான். கட்டுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்ற முடியுமா என்று பார். முடியாவிட்டால் அதைவிடக் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அதன் இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு, மூடி, காற்றோட்டம் என்று ஏதாவது கட்டு. பிறகுதான் வேலை நேரத்தை மாற்றுவது, பயிற்சி கொடுப்பது, பலகை மாட்டுவது. எல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற ஆபத்துக்காக, கடைசியாக, தொழிலாளியின் உடம்பில் மாட்டுகிற முகமூடியும் கையுறையும். நாம் பெரும்பாலும் கடைசியில் இருந்து தொடங்குகிறோம். காரணம் எளிது: கடைசியில் இருப்பதுதான் மலிவு. தவறு நடந்தால் பழியும் அதைப் போடாதவர் தலையில் விழும்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 2008 வழிகாட்டியில் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கடுமைக்கு 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்க வேண்டும். 15-இல் இருந்து 25 வரை வந்தால் உயர்ந்த ஆபத்து, உடனே செயலில் இறங்கு. 5 முதல் 12 வரை நடுத்தரம். 4-உம் அதற்குக் கீழும் குறைவு. இப்போது என் அம்மாவின் வேலைக்கு நாமே கணக்குப் போடுவோம். ஓர் உயிர் போகக்கூடிய பொருள், ஆகவே கடுமை 4. தினமும் கையில் புழங்குகிறது, ஒழுகுகிறது, தெறிக்கிறது; வாய்ப்பும் 4 என்று வையுங்கள். பெருக்கினால் 16. உயர்ந்த ஆபத்து. இப்போது படிவத்தில் 'முகமூடி, கையுறை வழங்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். வாய்ப்பு 4 என்பது 2 ஆகிறது. பெருக்கினால் 8. நடுத்தரம். படிவத்தில் சிவப்பு மஞ்சளாகிவிட்டது, முதலாளிக்கு நிம்மதி, கோப்பு அலமாரிக்குள் போய்விடும்.

ஆனால் அந்தக் கடுமை 4 நகர்ந்ததா? நகரவில்லை. நஞ்சு அதே நஞ்சுதான். வாய்ப்பாவது குறைந்ததா? முகமூடி ஆணியில் தொங்குகிறதே! காகிதத்தில் 8, தோட்டத்தில் 16. இந்த 8-க்கும் 16-க்கும் நடுவில்தான் ஐயா, என் அம்மாவின் நகங்கள் விழுந்தன. நான் பேச வந்ததே இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

அந்த நீலத் தண்ணீர்

அந்தத் திரவத்தின் பெயர் பாராகுவாட். ஐ.சி.ஐ. நிறுவனம் 1962-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிரமாக்சோன் என்ற பெயர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாது என்று நீலச் சாயமும் நாற்றமும் சேர்த்தார்கள். உடம்புக்குள் போனால் நுரையீரலில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

சுவீடன் இதை 1983-இல் தடை செய்தது. சுவிட்சர்லாந்து 1989-இல். ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த அனுமதியை எதிர்த்துச் சுவீடன் வழக்குப் போட, 2007-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. இலங்கை படிப்படியாகக் குறைத்து 2011-க்குள் நிறுத்திவிட்டது. குளிர் நாட்டில், முழு உடலையும் மூடி வேலை செய்யக்கூடிய நாட்டில்கூட வேண்டாம் என்றார்கள். நம் வெயிலில்?

நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2002-இல், ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனிதா அமைப்பும், பினாங்கில் தலைமையகம் உள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலைப்பின்னலான 'பான்' ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைச் சந்தித்து அவர்கள் உடல்நிலையைப் பதிவு செய்து ஓர் ஆய்வை வெளியிட்டன. மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், நகம், தோல். படித்தபோது எனக்கு அது என் அம்மாவின் மருத்துவச் சீட்டைப் படிப்பது போல் இருந்தது. அந்த டிரெசர் சொன்ன சோப்புத்தூள் அலர்ஜி இத்தனை தோட்டத்திலும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது? எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இதற்காக இடைவிடாமல் குரல் கொடுத்தது. 2019-இல் அவர் மறையும் வரை அந்தக் குரல் ஓயவில்லை.

2002 ஆகஸ்டில் அரசு தடையை அறிவித்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் செலவு ஏறும், வேறு களைக்கொல்லி இவ்வளவு வேகமாக வேலை செய்யாது, முறையான பாதுகாப்பு உடை போட்டால் ஒன்றும் ஆகாது என்று எதிர்ப்பு. 2006-இல் தடை தளர்ந்தது. முகமூடி போட்டால் போதும் என்ற அந்த வாதம் ஜெயித்துவிட்டது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். கடைசியில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். 2002-க்கும் 2020-க்கும் நடுவே எத்தனை பெரட்டு, எத்தனை பம்பு என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தடை வந்த பிறகு செம்பனைத் தொழில் படுத்துவிட்டதா? இல்லை. வேறு களைக்கொல்லி, புல் வெட்டும் இயந்திரம், மண்ணை மூடும் கொடிப்பயிர், சில இடங்களில் மாடு மேய்ப்பது என்று வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த வழிகளில் பல 1980-களிலும் இருந்தவைதான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராகுவாட்டுக்குப் பதில் வந்தவற்றில் ஒன்றான கிளைபோசேட்டை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதை ஏற்காத அரசு அமைப்புகளும் உண்டு, வாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே ஒன்றை மாற்றிவிட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டு உட்கார முடியாது. மாற்றி வைத்ததையும் மறுபடி எடைபோட வேண்டும்.

என் கையெழுத்து

தோட்ட முதலாளிகளை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். இது என் கதை.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு தொழிற்சாலை. அட்டைப் பெட்டி மடித்து ஒட்டும் ஓர் இயந்திரம். மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும் சுவிட்சு அதில் உண்டு. நான் பகலில் போய்ப் பார்த்தேன், மூடியைத் திறந்தேன், நின்றது. படிவத்தில் கடுமை 3, வாய்ப்பு 1, ஆபத்து குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் தொலைபேசி. 22 வயதுத் தம்பி ஒருவர், மோதிர விரலின் நுனி போய்விட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால், சுவிட்சின் மேல் டேப் சுற்றியிருந்தது. மூடி திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடும். மேலதிகாரிக்கு உடனே ஒரு பதில் கிடைத்துவிட்டது: "தொழிலாளியின் அலட்சியம்." அந்தத் தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கட்டுப் போட்ட கையோடு படுத்திருப்பவருக்கு எச்சரிக்கைக் கடிதம்! என் மனம் கேட்கவில்லை. இரவு வேலை முடியும் நேரத்தில் போய், அந்த இயந்திரத்தில் 11 ஆண்டு வேலை செய்த ஓர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டேப் ஒட்டுனது யாருக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தாம்மா" என்றார். "இந்த மெசின்ல கால்மணிக்கு ஒரு தடவ அட்டை மாட்டிக்கும். மூடியத் திறந்தா நின்னுரும். மறுபடி ஓட விட மூணு நிமிசம். டார்கெட் எப்படி வரும்? சூப்பர்வைசருக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஏங்கா யாரும் சொல்லல?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "நீங்க பகல்ல வருவீங்க, பாரத்தப் பாப்பீங்க, போயிருவீங்க. எங்கள யாரும்மா கேட்டா?"

கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கோளாறு சுவிட்சில் இல்லை, அந்தத் தம்பியின் மனத்திலும் இல்லை. அட்டையை உள்ளே தள்ளும் தண்டவாளம் தேய்ந்து போயிருந்தது, அதனால்தான் அட்டை மாட்டிக்கொண்டது. அதை மாற்றியதும் மாட்டுவது நின்றது. மாட்டுவது நின்றதும் டேப்பை அவர்களே பிய்த்துப் போட்டுவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு அறிவுரை சொல்லவில்லை. நான் போட்ட மதிப்பெண்ணில் வாய்ப்பு 1. இரவில் அது 5. எச்சரிக்கைக் கடிதம் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்றால் எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் அந்தக் கடிதம் போகவில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல். விரல் நுனி திரும்பவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எந்தப் படிவத்தையும் மேசையில் உட்கார்ந்து நிரப்புவதில்லை. இரவு வேலைக்காரர், துப்புரவு செய்பவர், குத்தகைக்கு வந்து பழுது பார்ப்பவர், இந்த மூவரிடம் பேசாமல் கையெழுத்துப் போடுவதில்லை. கேட்கும் கேள்வியும் ஒன்றே ஒன்று: "இந்த வேலையில் புத்தகத்தில் இல்லாத எதை நீங்கள் செய்கிறீர்கள்?" முதல் நாள் பதில் வராது. மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போது வரும்.

மலைச்சரிவுக்கு எந்தத் தொப்பி?

இந்த மண்ணிலேயே நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. 2017 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. தீபாவளி முடிந்து மூன்றே நாள். பலகாரம் இன்னும் வீட்டில் இருந்தது. தஞ்சோங் பூங்காவில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் மண்சரிவு. 11 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அது மழையின் மேல் பழி போட்டுவிட்டுப் போகவில்லை. மனிதத் தவறால் நேர்ந்தது, தவிர்த்திருக்கக் கூடியது என்றது.

தற்காலிகமாக வெட்டி விட்ட ஒரு மலைச்சரிவின் கீழே வேலை செய்கிறவருக்கு நீங்கள் எந்தத் தொப்பி கொடுப்பீர்கள்? எந்தப் பூட்ஸ்? அங்கே தொழிலாளியின் கவனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சரிவைக் கணக்குப் போட்டவரும், ஒப்புக்கொண்டவரும், மேற்பார்வை செய்தவரும் கவனமாக இருக்க வேண்டிய இடம் அது. 2023 நவம்பர் 28 இரவு பத்து மாவுங்கில் கட்டுமானத்தில் இருந்த ஒரு கிடங்கின் காங்கிரீட் உத்திரங்கள் சரிந்து வங்காளதேசத் தொழிலாளர் மூவர் உயிரிழந்தார்களே, அங்கும் இதே கதைதான். முன்னால் பேசிய அண்ணன் இதற்குப் பதில் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1991 மே 7-இல் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 உயிர் போனது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்தை உண்டாக்குபவரும், அந்த ஆபத்தோடு வேலை செய்பவரும்தான் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. 2000-இல் இரசாயனப் பொருள்களின் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்ற விதிமுறையும் சேர்ந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது.

அந்தத் திருத்தத்தில் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். முன்பு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும் இருந்த சட்டம், இப்போது வீட்டுப் பணியாளர், ராணுவம், கப்பல் போன்ற சில விலக்குகள் போக, எல்லா வேலை இடத்துக்கும் பொருந்தும். லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டும் கடையாக இருந்தாலும் சரி, பிறையில் வெல்டிங் பட்டறையாக இருந்தாலும் சரி. ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், தனியாகப் பாதுகாப்பு அதிகாரி இல்லாவிட்டால், ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு அபராதம் முன்பு 50,000 ரிங்கிட் வரை. இப்போது 500,000 ரிங்கிட் வரை. சிறையும் உண்டு.

இன்னொரு பிரிவு, 26ஏ. கண்ணெதிரே உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதைச் சரி செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிப் போகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. என் அம்மாவுக்கு இப்படி ஒரு வரி கிடைத்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் ஒன்று. தமிழ்நாட்டில் கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டிவிட்டு இங்கே வந்து, கடையின் மேல்மாடியிலேயே படுத்து உறங்கும் தம்பியிடம் போய், "26ஏ இருக்கிறது, வெளியே வா" என்றால் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் கையெழுத்துப் போட்ட பாதுகாப்புப் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தமிழில் வாயால் சொன்னால்கூடப் போதும். அதைக்கூடப் பல இடங்களில் செய்வதில்லை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 முதல் சொக்சோ வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு என்பதாவது அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடை வைத்திருக்கும் அண்ணன்மார்கள், "அம்மா, அஞ்சு பேரை வைத்துப் பிழைக்கிறேன், இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் பார்த்தேன். கொதிக்கிற கறிச்சட்டியை இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டில் இருந்து ஈரத் தரை வழியாக முன் மேசைக்குத் தூக்கி வருவார்கள். முதலாளி அவர்களுக்கு வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வாங்குங்கள் அண்ணே, ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெரிய சட்டியை இரண்டு சின்னச் சட்டியாக்குங்கள், சக்கரம் வைத்த ஒரு தள்ளுமேசை வாங்குங்கள், தரையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்றேன். தண்ணீர் ஐஸ் பெட்டியின் அடியில் இருந்து வந்தது. ரப்பர் குழாய் ஒன்று விட்டுப் போயிருந்தது. சரி செய்ய ஆன செலவு, அவர் கடையில் நாலு பேர் சாப்பிடும் காசு.

மணி அடித்துவிட்டார்கள். முடித்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது 70-ஐத் தாண்டிவிட்டது. ஆயர் ஈத்தாமில் என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பாராகுவாட்டுக்குத் தடை வந்துவிட்டது என்று 2020-இல் நான் செய்தித்தாளைப் படித்துக் காட்டியபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுச்சா?" என்றார். அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள் கீழே கால்வாய் ஓரத்தில் ஒரு வங்காளதேசப் பையன் முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு புல்லுக்கு அடித்துக்கொண்டிருந்தான். மூக்கில் ஈரத் துண்டு. அம்மா மாடியில் இருந்தே பார்த்துவிட்டார். முழங்கால் வலியோடு லிப்டில் இறங்கிப் போய், தனக்குத் தெரிந்த மலாயில், "ஆடிக், இத்து ராச்சுன் அப்பா?" என்று கேட்டார். தம்பி, அது என்ன நஞ்சு என்று அர்த்தம். மருந்து என்ற சொல்லை அவர் விட்டுப் பல காலம் ஆகிறது. அந்தப் பையனுக்குப் பெயர் தெரியவில்லை. கேனைக் காட்டினான், ஒட்டியிருந்த தாள் கிழிந்து போயிருந்தது. அம்மா அவன் மூக்கில் இருந்த துண்டைத் தன் கையாலேயே அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீ ஆபீசர்தான? இவனோட முதலாளி நம்பர் வாங்கித் தர்றேன், கேளு" என்றார். கேட்டேன். மறுவாரம் அதே கால்வாய் ஓரத்தில் புல் வெட்டும் இயந்திரத்தோடு அதே பையன் நின்றான். இயந்திரத்தின் கத்திக்கு முன்னால் கல் தெறிக்காமல் இருக்க மறைப்பு இருந்ததா என்று அம்மா மாடியில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.